ரெண்டரை இஞ்சு பைப்பு

எங்க ஊட்டுக்காரருக்குக் காது போச்சு. இத்தச் சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம்? ஊர்ல கண்ணு போனவன் கீறான், காலு போனவன் கீறான், அவன்லாம் பொழைக்கலயா? ஆனா எங்க ஊட்டு அடுப்பு எரிஞ்சதே அந்தக் காதாலதான். அதான் பேஜாரா பூடுச்சி.

சென்னீர்குப்பத்துல ஐவேசு ரோட்டுலருந்து உள்ள திரும்பினதும், வாசல்ல பழைய சைலன்சருங்களக் கொத்தா கட்டித் தொங்க உட்ட தகரக் கொட்டாய் ஒண்ணு வரும். அது எங்களுது. காருக்குப் பொக போற பைப்ப வளைச்சி, வெல்டு வெச்சி மாட்டிக் குடுக்கறது தொழிலு. ஓட்டை அடைக்கிற வேலையும் வரும், அதுக்கெல்லாம் பேரு வராது. வண்டி இன்னும் வேகமா ஓடணும்னு இன்ஜின நோண்டி வெச்சிக்கினு வர்றானுங்களே, அந்த வண்டிக்கு எந்த சைசு பைப்பு மாட்டணும்னு சொல்றதுலதான் எங்காளுக்குப் பேரு. 'காது அழகேசன்'னு கேட்டா பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூருன்னு எந்த மெக்கானிக்கும் கைய எங்க கொட்டாய் பக்கம் காட்டுவான்.

பைப்பு சைசுல இன்னா பெரிய வித்தை கீதுன்னு நானும் ஆரம்பத்துல நெனச்சவதான். கீது. பைப்பு சின்னதா இருந்தா இன்ஜினுக்கு மூச்சு முட்டும், ஒரு அளவுக்கு மேல ஓடாது. ரொம்பப் பெருசா இருந்தா பொக சோம்பேறியா நடந்து போவும். சத்தம் மட்டும் டொம்மு டொம்முனு வரும், ஆனா மெதுவா போயி திடீர்னு எழுந்து ஓடணும்னா வண்டி தூங்கி வழியும். ரெண்டுக்கும் நடுவுல அந்த வண்டிக்குன்னு ஒரு சைசு கீது. மத்தவங்க அத்தக் கணக்குப் போட்டுக் கண்டுபுடிப்பாங்க. எங்காளு கணக்கு பக்கமே போவ மாட்டாரு. ஒவ்வொரு சைசுலயும் ஒரு துண்டு பைப்பு வெச்சிருப்பாரு. ஒண்ணொண்ணா கிளாம்பு போட்டு மாட்டுவாரு. நான் வண்டிக்குள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிக்கணும். அவரு பின்னால போயி வேலி ஓரமா கண்ண மூடிகினு நிப்பாரு. 'ஏத்து, ஏத்து'ன்னு கை மேல போவும். நான் கண்ணாடில பாத்து ஏத்துவேன். சரியான சைசு வந்தா நடுவுல எங்கியோ சன்னமா சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமாம். அது வந்ததும் கை அப்டியே நின்னுடும்.

"வந்திச்சா உனக்கு?"ன்னு கேப்பாரு.

"எனக்கு ஒரு எழவும் வரல"ன்னு சொல்லுவேன். ஆனா போவப் போவ எனக்கும் அந்தச் சீட்டி கேக்க ஆரம்பிச்சிடுச்சி. மிதிச்சி மிதிச்சி நானும் பழகிட்டேன்.

அந்தக் காலத்துல பசங்க வந்து, "அண்ணாத்தே, பெரிய பைப்பா போடு, தெருவே அதுரணும்"னு கேட்டா அடிச்சித் தொரத்துவாரு. "சத்தம் வோணும்னா போயி பேண்டு செட்டுல சேந்துக்கோடா, என் கொட்டாய்க்கு ஏன் வர்றே"ன்னு கத்துவாரு. வர்ற கிராக்கிய எல்லாம் இப்டி வெரட்டி உட்டா சோத்துக்கு இன்னா பண்றதுன்னு நான் அவராண்ட சண்டைக்கு நிப்பேன். கேக்கவே மாட்டாரு. அம்மாம் ராங்கு.

அப்பால கொஞ்ச கொஞ்சமா ஆளு மாறினாரு. ரெண்டு இஞ்சு போட்டுகினு இருந்தவரு ரெண்டே கால் போட்டாரு. அப்பால ரெண்டரை. பசங்களுக்கு ஒரே குஷி. "அண்ணாத்தே இப்பதான் வழிக்கு வந்தாரு"ன்னு கூட்டம் கூட்டமா வந்தானுங்க. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. சீட்டி வந்தாலும் உட்டுட்டுப் பசங்க கேக்கறத மாட்டறாரு, மனுசன் ஒரு வழியா பொழைக்கக் கத்துகினான்னு நெனச்சேன். அவருக்குக் கேக்கற பைப்பதான் அவரு போட்டுகினு வர்றாருன்னு எனக்கு இன்னா தெரியும்?

தெரிஞ்சது ஒரு மத்தியானம். வெல்டிங் கேஸு போற ரப்பர் ஓசு பிஞ்சி உஸ்ஸுனு சீறிகினு கீது. எதிர்ல பஞ்சர் கடை போட்டிருக்கிற வேம்புலி வரைக்கும் கேட்டு எழுந்து ஓடியார்றாரு. இந்த ஆளு அந்த ஓசு பக்கத்துலயே நின்னுகினு பீடிய வாயில வெச்சி லைட்டர எடுக்கறாரு. நான் பாஞ்சி அவர் கையத் தட்டி உட்டேன். லைட்டரு போயி ரோட்டுல உழுந்திச்சி. "இன்னாடி, பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா"ன்னு என்னியத் திட்டறாரு. வேம்புலி வால்வ மூடிட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. அந்தச் சீறல் எங்காளுக்குக் கேக்கவே இல்ல. அப்பதான் எனக்கு எல்லாமே வெளங்குச்சி.

மறுநாளே ஆவடில ஒரு காது டாக்டராண்ட இழுத்துகினு போனேன். கண்ணாடி ரூம்புக்குள்ள உக்கார வெச்சி, காதுல ஹெட்போனு மாட்டி, கையில ஒரு பட்டன் குடுத்தாங்க. சத்தம் கேக்கசொல்லோ அமுக்கணும். வெளிய ஒரு பொண்ணு மெசினத் திருகிகினு இருந்திச்சி. இவரு டக்கு டக்குனு அமுக்கறாரு. அடடா, நாமதான் வீணா பயந்துட்டோம்னு நான் சாமியக் கும்புட்டேன். அப்பால பாத்தா அந்தப் பொண்ணு எழுந்து உள்ள போயி, அவரு நாற்காலியத் திருப்பி செவுரு பக்கமா போட்டுட்டு வந்திச்சி. அந்தப் பொண்ணு கையப் பாத்து அமுக்கியிருக்காரு, திருட்டு மனுசன். திருப்பிப் போட்டப்பால ரூம்புக்குள்ள அவரு முதுகு மட்டும் தெரியுது. அந்தப் பொண்ணு திருகுது, திருகுது, திருகிகினே கீது. பட்டன அமுக்கினா மெசின்ல எரியற லைட்டு எரியவே இல்ல.

வயசுப் புள்ளையா இருக்கசொல்லோ அம்பத்தூர்ல தகடு அடிக்கிற பிரஸ்சு ஷாப்புல வேலை பாத்தவரு. காதுல பஞ்சு வெச்சா கூட இருக்கறவனுங்க கிண்டல் பண்ணுவானுங்களாம், அதனால வெச்சிக்கலயாம். டாக்டரு அத்தக் கேட்டதும் தலைய ஆட்டினாரு. "இப்டிப் போற காதுல மொதல்ல சன்னமான சத்தம் போவும்மா. விசில் மாதிரி, குருவி கத்தற மாதிரி. டமாரு டுமீலுன்னா கேக்கும். அப்பால பேச்சும் போவ ஆரம்பிக்கும். காதுக்கு மெசின் வெச்சா பேச்சுக்கு உதவும். போனது திரும்ப வராது"ன்னாரு. அந்த மெசினையும் வாங்கினோம். மாட்டிகினு கிரைண்டர ஆன் பண்ணாரு. மண்டைக்குள்ள ஆணி அடிக்குதுன்னு புடுங்கி ஸ்பேனரு டப்பாவுல போட்டாரு. அதோட சரி.

"வெளிய யாராண்டனா வாயத் தொறந்தே, அவ்ளோதான்"னாரு அன்னிக்கு ராத்திரி சாப்புடசொல்லோ. "காது அழகேசனுக்குக் காது இல்லன்னு தெரிஞ்சா எவன்டி வருவான்? பைப்பு வளைக்கத் தெரிஞ்சவன் ஐவேசு முழுக்க கீறான். என்னியத் தேடி ஏன் வர்றான்? சொல்லு. இது ஒண்ணுக்குத்தான் வர்றான்"னு காதப் புடிச்சிக் காட்டறாரு.

நான் சாதத்தப் பெசஞ்சிகினே இருந்தேன்.

இப்டி இருக்கசொல்லோதான் நிஷா வந்திச்சி. கரூர்லருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்கற பொண்ணு, பூந்தமல்லில மெட்ரோ தூணுங்க பக்கத்துல ஒரு பிளாட்டுல குடியிருக்குது. ஞாயித்துக்கெழம ஆனா கார் ரேசு. நேரான ரோட்டுல ஓட்டற ரேசு இல்ல. மைதானத்துல சின்னச் சின்னக் கூம்பா நட்டு வெச்சி, வளைஞ்சி வளைஞ்சி ஓட்டி யாரு சீக்கிரம் வர்றாங்கன்னு பாப்பாங்க. பழைய சின்னக் காரு ஒண்ணு வெச்சிருக்குது, சம்பளம் பூராவும் அதுக்குத்தான். டர்போ கிர்போ எதுவும் இல்ல, இன்ஜின மட்டும் பிரிச்சி நல்லா சீவி சிங்காரிச்சி வெச்சிருந்திச்சி.

"அண்ணா, வர்ற ஞாயிறு திருமழிசை தாண்டி ஒரு கிரவுண்ட்ல ரேஸ் இருக்கு. கோயமுத்தூர்ல இருந்து ஒரு டீம் ஆளு பார்க்க வர்றாரு. நல்லா ஓட்டினா இந்த வருஷம் அவங்க வண்டியையே எனக்குக் குடுப்பாங்க. உங்களப் பத்தியும் சொல்லியிருக்கேன். என் வண்டி நல்லாப் போச்சுன்னா அவங்க எல்லா வண்டிக்கும் பைப் உங்ககிட்டதான்"னுச்சி.

இவரு மொகத்தப் பாக்கணுமே. ரொம்ப நாளா அதுக்குத்தான ஏங்கிகினு இருந்தாரு. தெருவுல உதாரு உடற பசங்களுக்கு மாட்டி மாட்டி அலுத்துப் போச்சு, நெசமா ரேசு ஓட்டறவங்க வண்டில நம்ம பைப்பு ஓடணும்னு சொல்லிகினே இருப்பாரு. அந்தப் பொண்ணு பேசசொல்லோ வாயையே பாத்துகினு இருந்தாரு. எல்லாத்தையும் புடிச்சிகினாரு. இந்த வித்தைய எப்பக் கத்துகினாரோ.

"நெட்ல கணக்கு போட்டுப் பாத்தேண்ணா, ரெண்டு இஞ்ச்னு வருது"ன்னுச்சி நிஷா.

"நெட்டு வந்தா வண்டி ஓட்டப் போவுது? இரும்மா, வண்டியே சொல்லும்"னாரு இவரு.

நான் வண்டில உக்காந்தேன். மொதல்ல ரெண்டு இஞ்சு மாட்டினாரு. மிதிச்சேன். அம்மாடி, இன்னா சோக்கா எழுந்திருச்சி தெரியுமா! காலு வெச்சதும் அப்டியே துள்ளுது. பாதி ஏறசொல்லோ சன்னமா, கம்பி மாதிரி, அந்தச் சீட்டி வந்திச்சி. எனக்குச் சிலுத்துப் போச்சு. கண்ணாடில பாக்கறேன், இவரு வேலி ஓரமா கண்ண மூடிகினு நிக்கறாரு. கை மேல போவுது. நிக்கல. இன்னும் மேல, இன்னும் மேலன்னு ஆட்டறாரு. மீட்டரு முள்ளு சேப்புக் கோட்டத் தொட்டுடுச்சி. "ஏத்துடி!"ன்னு கத்தறாரு. இதுக்கு மேல ஏத்தினா இன்ஜின் வெடிக்கும்னு நான் கால எடுத்துட்டேன்.

அடுத்து ரெண்டே கால். அதுக்கும் ஒதட்டப் பிதுக்கினாரு. அப்பால ரெண்டரை. டொம்முனு ஒரு சத்தம், கொட்டாய்த் தகரம் அதுருது. அவ்ளோதான், கை டக்குனு நின்னுச்சி. மொகம் பூரா சிரிப்பு.

"இதான் சைசு!"

நான் இன்ஜின ஆப் பண்ணிட்டு எறங்கினேன். அடக்கி அடக்கிப் பாத்தேன், முடியல.

"யோவ், மொதல் பைப்புலதான்யா சீட்டி வந்திச்சி. நான் கேட்டேன்."

"நீ கேட்டியா? பெரிய சங்கீத வித்வான் இவ."

"ஆமாய்யா, நான் கேட்டேன், நீ கேக்கல. ஏன்னா உனக்குக் காது போச்சு. யம்மா நிஷா, இவருக்குச் சன்னமான சத்தம் எதுவும் கேக்காதும்மா. டாக்டரே சொல்லிட்டாரு. நீ நெட்டுல பாத்த மாதிரி ரெண்டு இஞ்சே மாட்டிகினு போ, உனக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லிட்டேன். வெளியாளு எதிர்ல கட்டின புருசன இப்டிப் போட்டு ஒடைச்சிட்டோமேன்னு இருந்திச்சி. ஆனா வேற இன்னா பண்றது? அந்தப் பொண்ணு வாழ்க்கையில்ல அது.

இவரு கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. வேலி பக்கம் திரும்பி நின்னாரு.

"நீயே மாட்டு, சரசா. எந்தப் பைப்பு வோணும்னாலும் மாட்டு. நிஷா மிதிக்கட்டும். நான் திரும்பிப் பாக்காம சொல்றேன்."

எனக்கும் கிளாம்பு போடத் தெரியும். ரெண்டு இஞ்சு மாட்டினேன். நிஷா மிதிச்சிச்சி. "ரெண்டு இஞ்சு"ன்னாரு. கழட்டி ரெண்டரை மாட்டினேன். "ரெண்டரை." மறுபடியும் ரெண்டரையவே உட்டு வெச்சிட்டு, கழட்டி மாட்டற மாதிரி சும்மா ஸ்பேனரால தட்டினேன். "ஏமாத்தாதடி, அதே ரெண்டரைதான்." ஒண்ணு கூடத் தப்பல. நிஷா கை தட்டிச்சி. எனக்கே ஒரு நிமிசம் ஆசை வந்திடுச்சி. டாக்டர் மெசினு கோளாறோ, நான்தான் ரொம்ப அலட்டிகினேனோன்னு மனசு எங்கெங்கியோ போச்சு.

முதுகுல சூடா பொக அடிக்கசொல்லோ டொம்முனு கேட்டா ரெண்டரை, கேக்கலன்னா ரெண்டு. அவ்ளோதான் விசயம். இத்தக் கண்டுபுடிக்க எனக்கு அன்னிக்குச் சாயங்காலம் பாத்திரம் வெளக்கசொல்லோதான் முடிஞ்சது. அதுக்குள்ள இவரு ரெண்டரைய வெல்டு வெச்சி முடிச்சிட்டாரு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்தப் பொண்ணு வண்டிய எடுத்துகினு பூடுச்சி. போன் போட்டுச் சொன்னேன். "அக்கா, கிஷோர்னு என் ஃப்ரெண்ட் வண்டிக்கு அண்ணன் போட்ட பைப்தான் எங்க கூட்டத்துலயே பெஸ்ட். இன்னிக்கும் என் கண்ணு முன்னாடி கரெக்டா சொன்னாரே. நீங்க கவலப்படாதீங்க"ன்னு சிரிச்சிகினே வெச்சிடுச்சி. கிஷோருக்குப் பைப்பு போட்டப்போ இவருக்குக் காது இருந்திச்சி. அத்தச் சொல்றதுக்குள்ள லைன் கட்டு.

ஞாயித்துக்கெழம இவரு தீவாளிச் சட்டைய எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினாரு. ரெண்டு பேரும் பஸ்சு புடிச்சிப் போனோம். வெயிலு மண்டையப் பொளக்குது, மைதானம் பூரா புழுதி. எங்க ரெண்டு பேரையும் கவுறு கட்டின எடத்துல, முன் வரிசைல நிக்க வெச்சிட்டுப் போச்சு நிஷா.

அந்தப் பொண்ணு வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் கூட்டம் ஓன்னு கத்திச்சி. அம்மாம் சத்தம். இவரு என் தோள்ல ஒரு தட்டு தட்டி, "பாத்தியா"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்திடுச்சி அவருக்கு.

கொடிய ஆட்டினாங்க. நேரா போற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. மொத வளைவுல பிரேக்கு போட்டு, திருப்பி, எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. டொர்ர்ருனு சத்தம் மட்டும் வருது, வண்டி சேத்துல எரும நடக்கற மாதிரி நடக்குது. அப்பால வேகம் புடிக்குது, அதுக்குள்ள அடுத்த வளைவு வந்திடுது. மறுபடியும் அதே கதி. அந்தப் பொண்ணு ஸ்டீரிங்கப் போட்டு ஒடிக்குது, பாக்கவே பாவமா இருந்திச்சி. ஒவ்வொரு வளைவுலயும் நான் இங்க நின்னுகினே கால அமுக்கறேன், 'எழுந்திருடா, எழுந்திருடா'ன்னு. ஏதோ ஓட்டி முடிச்சி வந்திச்சி. அதுக்கப்பறம் ஓட்டின பொடிப் பசங்க எல்லாம் அத்தவிட சீக்கிரமா வந்துட்டானுங்க.

தொப்பி போட்ட ஒருத்தரு வண்டிப் பின்னால குனிஞ்சி, பைப்பு வாயாண்ட ரெண்டு வெரல வெச்சி அளந்து பாத்தாரு. அவருதான் கோயமுத்தூர்காரரு.

"இந்த இன்ஜினுக்கு யாருங்க இவ்வளவு பெரிய பைப்பு போட்டது?"

நிஷா எங்களப் பாக்கவே இல்ல. "நான்தான் சார் பெருசா வேணும்னு கேட்டேன். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க"ன்னுச்சி.

"ஏம்மா, சத்தத்துக்கா ரேஸ் ஓட்டறே?"ன்னு சொல்லிட்டு அவரு அடுத்த வண்டிக்குப் பூட்டாரு. அந்தப் பொண்ணு ஹெல்மெட்ட மறுபடியும் தலையில மாட்டிகினு வண்டிக்குள்ள போயி உக்காந்துகினுச்சி. கண்ணாடிய ஏத்திடுச்சி.

இவரு என் கையச் சுரண்டறாரு. "இன்னா சொன்னாரு? இன்னாடி சொன்னாரு?"

"பஸ்சுல சொல்றேன், வா"ன்னேன்.

பஸ்சுல சொன்னேன். அவரு காதுகிட்ட வாய வெச்சி, ஒண்ணு உடாம சொன்னேன். பழிய அந்தப் பொண்ணு தன் தலையில போட்டுகினதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் தாங்கல. "நீ கெட்டதும் இல்லாம ஒரு வயசுப் பொண்ணையும் கெடுத்துட்டியேய்யா! இனிமே சத்தியமா உன் காதுக்கு நான் வண்டில உக்காந்து மிதிக்க மாட்டேன்"னு கத்தினேன். பஸ்சே திரும்பிப் பாத்திச்சி. இவரு சன்னலுக்கு வெளிய பாத்துகினு வந்தாரு. பூந்தமல்லில எறங்கசொல்லோ, "அந்த மைதானம் சரியில்ல. புழுதியில டயரு புடிக்கல"ன்னாரு. தலைல அடிச்சிகினேன்.

நிஷா மறுபடி வந்திச்சி. வந்து சண்ட போட்டிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். "அண்ணா, ரெண்டு இஞ்சே மாட்டிடுங்க. டீம்ல வேற ஒருத்தர எடுத்துட்டாங்க. பரவால்ல, நான் பாட்டுக்கு ஓட்டறேன்"னு அமைதியாச் சொல்லிட்டு, ஓரமா போயி நின்னுகினுச்சி.

இவரு வண்டிக்கு அடியில போனாரு. ரெண்டரைய அறுத்து எடுத்தாரு. ரெண்டு இஞ்சு வளைச்சி வெல்டு வெச்சாரு. வேலைல ஒரு கொறை சொல்ல முடியாது, கையி அப்டியேதான் கீது. முடிச்சிட்டு வெளிய வந்து என்னியப் பாத்தாரு. நான் வாசல்ல ஸ்டூலப் போட்டு ரோட்டப் பாத்து உக்காந்திருந்தேன்.

"சரசா, வா, மிதி."

"மாட்டேன்."

கேட்டுச்சோ இல்லையோ, என் தலை ஆடினதுல புரிஞ்சிகினாரு. அவரே போனாரு. வெளிய நின்னுகினே கண்ணாடி வழியா கைய உட்டு சாவியத் திருப்பினாரு.

வண்டி டக்குனு புடிச்சிகினுச்சி. அழகா, அடக்கமா, சீரா ஓடிச்சி. பக்கத்துல ஐவேசுல லாரிங்க போற எரைச்சல்ல கூட எனக்குத் தனியாக் கேட்டுச்சி. நிஷா கூட நிமிந்து பாத்திச்சி, அந்த மொகத்துல அன்னிக்கு மொத மொதலா ஒரு தெளிவு.

இவரு சாவிய மறுபடியும் திருப்பினாரு.

கிர்ர்ர்ருனு பல்லு பல்லோட ஒரசற சத்தம். ஓடற இன்ஜின மறுபடி ஸ்டார்ட் பண்ணா அப்டித்தான் கத்தும், ஒடம்பே கூசும். நிஷா காதப் பொத்திகினுச்சி. பக்கத்து டீக்கடைல நின்னவங்கள்லாம் திரும்பினாங்க. இவரு நிறுத்தி, ஒரு நிமிசம் பாத்துட்டு, இன்னொரு வாட்டி திருப்பினாரு. கிர்ர்ர்ர்.

"பேட்டரி எறங்கிப் போச்சா இன்னா? புடிக்கவே மாட்டேங்குதே"ன்னாரு எங்களப் பாத்து.

நான் ஸ்டூல தள்ளி உட்டு எழுந்து ஓடினேன். அதுக்குள்ள நிஷா போயி அவரு கைமேல கைய வெச்சிடுச்சி. "அண்ணா... ஓடிட்டுத்தான் இருக்குண்ணா"ன்னுச்சி. சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணு கண்ணு ரொம்பிடுச்சி.

இவரு அந்தப் பொண்ணு வாயப் பாத்தாரு. என்னியப் பாத்தாரு. டீக்கடைப் பக்கம் பாத்தாரு, அங்க எல்லாரும் சட்டுனு கிளாசுக்குள்ள தலைய உட்டுகினாங்க. சாவிய உட்டுட்டு வண்டிய சுத்தி மெதுவாப் பின்னால நடந்து போனாரு. குத்துக்கால் போட்டு உக்காந்து, உள்ளங்கைய பைப்பு வாயில கொண்டாந்து வெச்சாரு. சூடாக் காத்து அடிச்சிருக்கும். கைய எடுக்கல. மொகம் அப்டியே தொங்கிப் போச்சு. எத்தினி சண்ட போட்டிருப்பேன், எத்தினி திட்டியிருப்பேன், ஆனா அந்த மொகத்த நான் பாத்திருக்கவே கூடாது சாமி.

"எந்நேரமா ஓடிகினு கீது, சரசா?"ன்னாரு.

"மொத வாட்டி திருப்பினப்பவே புடிச்சிகினுச்சிய்யா"ன்னேன். மெதுவாச் சொல்லல, தொண்ட கிழியத்தான் சொன்னேன், டீக்கடை தாண்டிக் கேட்டிருக்கும்.

அவரு பைப்பு மேலருந்து கைய எடுக்காம என்னிய நிமிந்து பாத்து, "சொல்லேன்டி"ன்னாரு.